மோதிர விரல் பள்ளம்

தபால்காரருக்கு அவளுடைய பெயர் தெரியாது. "கடைசல்காரி, டெப்போ பின் சந்து" என்று எழுதிப் போட்டால் போதும், கடிதம் வந்து சேர்ந்துவிடும். ஐம்பத்திரண்டு வயது, ஒல்லி உடம்பு, புகை படிந்த மூக்குக்கண்ணாடி. தலைமுடியில் எப்போதும் ஒரு பித்தளைச் சுருள் சிக்கிக்கொண்டு மினுங்கும். எடுத்துப் போட்டால் அடுத்த நிமிஷம் இன்னொன்று வந்து ஒட்டிக்கொள்ளும்.

வாசல் அறை முழுக்க லேத், கடைசல் எந்திரம். அவளுடைய அப்பா விட்டுப்போனது. அதற்குப் பின்னால்தான் படுக்கை அறை, சமையலறை எல்லாம். வீட்டுக்கு வருகிறவர்கள் லேத்தைச் சுற்றி வயிற்றை எக்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். "உங்க வீட்டுக்கு வந்தா சாப்பிடறதுக்கு முன்னாடியே இளைச்சுடறோம்" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள்.

அந்த லேத்தில் அவள் கடைந்தது டார்ட், சுவரில் மாட்டிய வட்டப் பலகையைக் குறிபார்த்து எறிகிற சின்ன அம்பு. தட்டில் ஒட்டிக்கொள்ளும் காந்தப் பொம்மையை நினைத்துவிடாதீர்கள். விரல் நீளத்துக்குப் பித்தளை உடல், முன்னால் எஃகு முள், பின்னால் மரத்தண்டு, தண்டில் நான்கு இறகு. மூன்று சேர்ந்தால் ஒரு செட். மூன்றையும் தராசில் மாற்றி மாற்றி வைத்தாலும் தராசு முள் அசையக் கூடாது. அசைந்தால் மறுபடி லேத்தின் சக்கில் கவ்வ வைத்து, உப்புத்தாளால் ஒரு தடவு. முடி கனம் போதும்.

கடையில் விற்கிற டார்ட்டை விட்டுவிட்டு ஆட்கள் ஏன் இந்தச் சந்துக்கு வந்தார்கள்? பிடிக்காகத்தான். வருகிறவர் கையில் அவள் ஒரு தேன்மெழுகுக் குச்சியைக் கொடுப்பாள். "எறியப் போற மாதிரி பிடிங்க. நெனைச்சுப் பிடிக்காதீங்க, சும்மா பிடிங்க" என்பாள். மெழுகில் விரல் பதிந்த குழிகளை அளந்து, அந்தந்த இடத்தில் பித்தளையைச் சுற்றிலும் ஒரு பள்ளம் கடைவாள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் விரல் தன் இடத்தில் போய் உட்காரும். சட்டைக்கு ஆளை அளக்கிறோம், எறிகிற அம்புக்கு அளக்க வேண்டாமா?

மெழுகு குளிர்ந்திருந்தால் கல் மாதிரி இருக்கும். அதனால் முதலில் அதைத் தன் உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்குவாள். பதம் வந்ததா என்று தானே ஒரு முறை பிடித்து லேசாக அழுத்திப் பார்ப்பாள். பிறகுதான் நீட்டுவாள். அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான்.

கணவர் பஸ் கண்டக்டர். ஊரில் அவர் பெயரும் கண்டக்டர்தான். வலது கை மோதிர விரலில் நுனிக் கணு கிடையாது. ஒரு மழை நாளில் பஸ் கதவு நசுக்கிவிட்டது. டார்ட் எறியும்போது அந்த மொட்டை விரல் தனியாகப் பின்னால் போய்ப் பித்தளை மேல் சாய்ந்துகொள்ளும். இடது குதிகாலைத் தூக்குவார். லேசாக ஒரு இருமல். பிறகு, பஸ்ஸுக்குக் கொடுக்கிற மாதிரியே வாய்க்குள் ஒரு "ரைட்". அப்புறம்தான் கை நகரும். அவருடைய செட்டில் மட்டும் பின்பக்கம் அகலமான, மேலோட்டமான ஒரு பள்ளம் அதிகமாக இருக்கும். வேறு யாருடைய டார்ட்டிலும் அது கிடையாது.

ஏழு வருஷத்துக்கு முன்னால், டெப்போ படியில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

நாலு மாதம் லேத் ஓடவில்லை. ஐந்தாம் மாதம் தையல்காரர் வந்து வற்புறுத்தி மெழுகைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அளப்பதற்காக வெளிச்சத்தில் திருப்பினாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். அதற்குப் பின்னால், அகலமாக, மேலோட்டமாக, மொட்டையாக ஒரு குழி.

தையல்காரருக்குப் பத்து விரலும் முழுசு.

அவள் கதவைச் சாத்தினாள். மெழுகை மடியில் வைத்துக்கொண்டு, "வந்தாச்சா?" என்று கேட்டாள். அடுத்த மெழுகிலும் அந்தக் குழி இருந்தது. அதற்கடுத்ததிலும். ஏழு வருஷமாக, யார் வந்து பிடித்தாலும் அந்தக் குழி இருந்தது. அவள் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. எந்தப் பெண்தான் விடுவாள்? செத்தவர் வருகிறார் என்று சொன்னால் பைத்தியம் என்பார்கள். சொல்லாமல் இருந்தால் அவர் வந்துகொண்டே இருப்பார். அகலப் பள்ளத்தை ஒவ்வொரு செட்டிலும் ஆசையாகக் கடைந்தாள்.

"இது எதுக்கு அக்கா, கடைசிப் பள்ளம்?" என்று சலூன்காரர் ஒருமுறை கேட்டார்.

"எல்லாருக்கும் அங்கதான் விரல் போகுது."

"எனக்குப் போகாதுன்னுதான் நெனைச்சேன். இப்ப பாருங்க, கத்தரிக்கோல் பிடிக்கும்போதுகூட இந்த விரல் மடங்கிக்குது. கஸ்டமர் காது தப்பிச்சதே பெரிசு." அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் நர்ஸம்மா வந்தார்.

அறுபது வயது. பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் ஊசி போட்ட கை. ஓய்வு பெற்ற மறு வருஷமே ஒரு காலையில் வலது பக்கம் இழுத்துக்கொண்டது. கால் திரும்பியது, பேச்சு திரும்பியது. கை மட்டும் திரும்பவில்லை. எதையாவது பிடித்து விடு, பிடித்து விடு என்று பயிற்சி சொன்னார்கள். பந்து, உருண்டை, துணிக்கிளிப் எல்லாம் பார்த்தார். சலித்துப் போனபோது யாரோ டார்ட்டைக் கொடுத்தார்கள். அதை எறிய நினைத்த அன்று முதல் முறையாக விரல் பிரிந்ததாம்.

"கடையில வாங்கினது வழுக்குது. நீ செஞ்சு கொடு. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார்.

கடைசல்காரி மெழுகை உருட்டி நீட்டினாள். அளந்தாள், கடைந்தாள், கொடுத்தாள். நாலே நாளில் நர்ஸம்மா திரும்பி வந்துவிட்டார். மூன்று டார்ட்டையும் லேத் மேல் வைத்தார்.

"இது எனக்கு வேணாம்மா."

"எடை ஜாஸ்தியா இருக்கா?"

"எடை சரிதான். ஆனா இதை யாரோ ஏற்கனவே பிடிச்சிட்டிருக்காங்க."

வாசலில் நல்ல வெயில். சந்தில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசல்காரி ஒரு டார்ட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"புதுப் பித்தளைங்க. என்னைத் தவிர யாரும் தொடலை."

"என் கைக்கு ஆள் தெரியும். ராத்திரியும் பகலும் நாடி பிடிச்ச கை. இதுல ஒரு கை இருக்கு, என் கைக்கு உட்கார இடம் இல்லை."

மறுபடி மெழுகு, மறுபடி ஒரு செட். இந்த முறை நர்ஸம்மா மூன்றாம் நாளே வந்தார். முகம் வெளுத்திருந்தது. உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"சொன்னா சிரிக்கக் கூடாது. நேத்து எறியறதுக்குக் கையைத் தூக்கினேன். எனக்கு இருமலே கிடையாது, ஆனா இருமல் வந்துச்சு. அப்புறம் வாயில தானா 'ரைட்'னு வந்துச்சு. எதுக்கு வந்துச்சுன்னு தெரியலை. நான் என்ன பஸ்ஸா ஓட்டறேன்?"

கடைசல்காரி சிரிக்கவில்லை. லேத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸம்மா இந்தத் தெரு ஆள் இல்லை. கண்டக்டரை அவர் கண்ணால் பார்த்ததும் இல்லை.

"பாரும்மா" என்றார் நர்ஸம்மா. "இழுத்த நாள்ல இருந்து இந்தக் கை என்னுதான்னு எனக்கே சந்தேகம். காலையில முழிச்சா, யாரோ பக்கத்துல கையை மறந்து வெச்சிட்டுப் போன மாதிரி கிடக்கு. இதுல இன்னொருத்தர் கையும் எதுக்கு? இன்னும் ஒரே ஒரு செட் செஞ்சு பாரு. அதுவும் ஆகலைன்னா இதைத் துணியில கட்டித் தொங்க விட்டுட்டு மிச்ச நாளைத் தள்ளிடறேன். இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன்."

அதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. நடுவில் வந்த ஞாயிறு மத்தியானம் கடைசல்காரி, கணவர் டார்ட் எறிந்துகொண்டிருந்த கிளப்புக்குப் போனாள். கணவர் போன பிறகு அவள் அந்தப் படியை மிதித்ததே இல்லை. டயர் கடை மாடியில் ஒரு நீள அறை, சுவரில் இரண்டு போர்டு, ஓரத்தில் கரும்பலகை. கரும்பலகையின் முன்னால் அவளுடைய கொழுந்தன். கண்டக்டரின் ஒரே தம்பி. நாற்பது வயதாகியும் ஒரு டார்ட் எறிந்ததில்லை, புள்ளி எழுதுவதோடு சரி. அதனால் அவனுக்குச் சாக்பீஸ் என்று பெயர்.

அவள் கதவருகே நின்று பார்த்தாள்.

தையல்காரர் தரையில் போட்டிருந்த கோட்டில் வந்து நின்றார். இடது குதிகால் மேலே எழுந்தது. லேசாக ஒரு இருமல். உதடு அசைந்தது. டார்ட் போனது. அடுத்து சலூன்காரர். அதே குதிகால், அதே இருமல். அச்சகத்துக்காரர், டயர் கடைக்காரர், பள்ளிக்கூட குமாஸ்தா எல்லோரும் அப்படியே செய்தார்கள். கடைசியாக மருந்துக்கடைக்காரர். அவர் இந்த ஊருக்கு வந்தே இரண்டு வருஷம்தான். அவருடைய குதிகாலும் எழுந்தது. மோதிர விரல் மடங்கிப் பின்னால் சாய்ந்தது. சன்னமாக, தெளிவாக, "ரைட்."

ஆறு உடம்பு, ஆனால் நின்றவர் ஒருவர்தான். ஐயோ, அந்தக் காட்சியை எப்படிச் சொல்ல! ஓடிப்போய் ஆறு பேர் காலிலும் விழுந்து அழலாமா, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கி ஓடலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாக்பீஸ் அவளைப் பார்த்துவிட்டான். வெளியே வந்தான்.

"பாத்துட்டீங்களா அண்ணி?"

"உனக்குத் தெரியுமா?"

"அஞ்சு வருஷமா. அவங்களுக்கே தெரியாது. நான் சொல்லலை. சொன்னா செய்ய மாட்டாங்க இல்ல?"

"பயமா இல்லையாடா?"

"முதல்ல இருந்துச்சு." கையிலிருந்த சாக்கட்டியை உருட்டினான். "உயிரோட இருந்தப்ப அண்ணன் என்கூடப் பேசினது எத்தனை வார்த்தை, விரல் விட்டு எண்ணிடலாம். இப்ப ஞாயித்துக்கிழமை ஆனா ஆறு பேரா வந்து 'ஸ்கோர் என்ன தம்பி'ன்னு கேக்கறாரு. எனக்கு அது போதும் அண்ணி. எதையும் மாத்திடாதீங்க."

அவள் படியிறங்கினாள். மாற்றுவதா? அவரிடமிருந்து அவளுக்கு மிஞ்சியது அந்த ஒரு பள்ளம் மட்டும்தானே!

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு நர்ஸம்மா சொன்னபடி வந்தார். வந்ததுமே, "சுடுதண்ணி இருக்கா? கை விறைச்சுக் கிடக்கு. முக்கி எடுத்தாத்தான் விரல் பிரியும்" என்றார். கடைசல்காரி ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். நர்ஸம்மா கையை முக்கினார். பழக்கத்தில் மெழுகுக் குச்சியை எடுத்து உருட்டப்போன கடைசல்காரியைப் பார்த்து, "அதையும் இதுல போட்டுடேன். எதுக்கு உனக்கு சிரமம்?" என்றார்.

ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். கடைசல்காரியும் யோசிக்காமல் போட்டாள். மெழுகு கிண்ணத்தில் மிதந்தது, இளகியது. நர்ஸம்மா ஈரக் கையாலேயே அதை எடுத்தார். நடுங்கி நடுங்கிப் பிடித்தார். லேத் மேல் வைத்தார்.

கடைசல்காரி குனிந்து பார்த்தாள். கட்டைவிரல் கோணலாக, ஆழமாக. ஆள்காட்டி விரல் பக்கவாட்டில். நடுவிரல் தொட்டும் தொடாமலும். அவ்வளவுதான். பின்னால் மெழுகு வழுவழுவென்று இருந்தது.

குழி இல்லை.

இன்னொரு குச்சியை எடுத்தாள். எப்போதும் போல உருட்டினாள், பதம் பார்த்து அழுத்தினாள். ஆனால் யாரிடமும் நீட்டவில்லை. வெளிச்சத்தில் திருப்பினாள். மூன்று விரல் குழி. அதற்குப் பின்னால், அகலமாக, மேலோட்டமாக, மொட்டையாக ஒன்று. அவள் தன் வலது கையைப் பார்த்தாள். மோதிர விரல் கணுவில் மடங்கி இருந்தது. மடக்கியது அவள் இல்லை. மடங்கியது அவளுக்குத் தெரியவும் தெரியாது.

ஏழு வருஷமாக அந்தக் குழி முதலில் பதிந்தது அவள் கையால்தான். ஈர மண்ணில் ஒருவர் நடந்துபோன தடத்தில் அடுத்தவர் கால் தானாகப் போய் விழுவதில்லையா, அப்படித்தான் வந்தவர்களின் விரல்கள் அந்தக் குழிகளில் போய் விழுந்தன. அவள் அதையே அளந்தாள், அதையே கடைந்தாள். தையல்காரரின் பிடி என்று அவள் தையல்காரருக்குக் கொடுத்தது கண்டக்டரின் பிடி. ஒருவருக்கும் அவரவர் கையை அவள் கொடுக்கவே இல்லை!

அப்படியானால் அந்த "ரைட்"? அந்தக் குதிகால்? மெழுகில் அதெல்லாம் பதியுமா?

"என்னம்மா, அப்படியே நின்னுட்ட?" என்றார் நர்ஸம்மா.

லேத் மேல் இரண்டு மெழுகு. ஒன்றில் அவர் இருந்தார், இன்னொன்றில் இல்லை. மெழுகைப் பார்த்து நர்ஸம்மாவுக்கு வித்தியாசம் தெரியாது. பழைய பிடியையே கொஞ்சம் மேலோட்டமாகக் கடைந்து கொடுத்தால் நஷ்டம் இந்த ஒரு கிழவியோடு போய்விடும். அவர் மட்டும் தங்குவார், வருஷா வருஷம் தங்குவார். கடைசல்காரியின் கை அவர் இருந்த மெழுகின் பக்கம் போனது. பொய் சொல்லுவானேன், தொட்டும்விட்டது.

அப்போது நர்ஸம்மா தன் இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தூங்குகிற குழந்தையை நகர்த்துகிற மாதிரி, மெல்ல.

கடைசல்காரி தன் மெழுகை உருண்டையாகப் பிசைந்து வெந்நீர்க் கிண்ணத்தில் போட்டாள்.

லேத்தைப் போட்டாள். பித்தளை சுழன்றது. ஒரு பள்ளம், இரண்டாவது, மூன்றாவது. நாலாவது பள்ளம் வருகிற இடத்துக்கு வந்ததும் வெட்டுகிற டூல் தானாக உள்ளே இழுத்தது. சுற்றுகிற சத்தம் தணிந்தது, யாரோ பெல்ட்டின் மேல் கை வைத்தது போல. முதுகுக்குப் பின்னால், காதுக்கு மிக அருகில், லேசாக ஒரு இருமல். நர்ஸம்மா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் இருமவில்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "இது அவங்களுக்குங்க" என்று மட்டும் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு டூலை வெளியே எடுத்தாள். கண்ணீர் சுழலும் பித்தளையில் விழுந்து சிதறியது. பின்பக்கம் வழுவழுவென்று நின்றது.

மூன்றையும் முடித்து, முள் அடித்து, இறகு சொருகிக் கொடுக்கும்போது மணி மூன்றுக்கு மேல் ஆகிவிட்டது. பழைய போர்டு ஒன்று சுவரில் தொங்கியது. நர்ஸம்மா ஐந்தடி தள்ளி நின்றார். முதல் டார்ட் காலடியில் விழுந்தது. இரண்டாவது சுவரில் பட்டுச் சுண்ணாம்பைப் பெயர்த்தது. மூன்றாவது போர்டின் ஓரக் கம்பியில் இடித்து, சாய்ந்து, எப்படியோ குத்திக்கொண்டு நின்றது.

"ஒரு புள்ளிகூட வராது" என்றாள் கடைசல்காரி.

"புள்ளி கிடக்கு!" நர்ஸம்மா அழுதுகொண்டே சிரித்தார். விரித்த கையை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "கோணையா இருக்கு, ஒண்ணுத்துக்கும் உதவாது. ஆனா எறிஞ்சது நான்தாம்மா. வேற யாரும் இல்லை." டார்ட்டுகளைத் துணியில் சுற்றிக்கொண்டு சந்தில் நடந்து போனார். முக்கு திரும்பும்வரை அந்தக் கை விரிவதும் மூடுவதுமாக இருந்தது.

கடைசல்காரி உள்ளே வந்து ஒரு புதுக் குச்சியை எடுத்தாள். உள்ளங்கையில் உருட்டினாள். "வாங்க" என்றாள். பிடித்து அழுத்திப் பார்த்தாள். மூன்று குழிதான் விழுந்தது. மோதிர விரலை வேண்டுமென்றே மடக்கி மறுபடி அழுத்தினாள். குழி விழுந்தது. ஆனால் அது ஒரு பெண்ணின் மடங்கிய விரல், வேறு யாருடையதும் இல்லை. பத்துத் தடவை பார்த்தாள். தெரிந்த பிறகு கை மறந்துவிட்டது.

வெயில் சாய்வதற்குள் சாக்பீஸ் ஓடிவந்தான். மூச்சு வாங்கியது. சட்டையெல்லாம் சாக்கட்டித் தூள்.

"அண்ணி, என்ன பண்ணீங்க?"

"ஏன்?"

"ஒருத்தர் குதிகாலும் எழும்பலை. மத்தியானம் ரெண்டு ஆட்டம் நல்லாத்தான் போச்சு, அப்புறம் ஒருத்தர்கூட இருமலை. ஆறு பேரும் ஆறு மாதிரி எறியறாங்க. அதே பழைய டார்ட்டுதான் அண்ணி! சலூன்காரர் பாதியில கீழே வெச்சுட்டாரு. தனியா எறியற மாதிரி இருக்காம்."

பழைய டார்ட்டுகளில் அகலப் பள்ளம் அப்படியேதான் இருக்கும். பித்தளை அழியாது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். எத்தனை மணியிலிருந்து என்று அவள் கேட்கவில்லை.

"நர்ஸம்மாவுக்கு அவங்க கையைக் கொடுத்தேன்" என்றாள்.

"அப்ப எனக்கு?" என்றான் அவன். நாற்பது வயது ஆள், லேத்துக்கும் சுவருக்கும் நடுவில் மடங்கி உட்கார்ந்து, தோள் குலுங்க அழுதான். அழட்டும் என்று அவள் விட்டாள். அவளுக்கும் சேர்த்து அவன் அழுதுகொண்டிருந்தான்.

வெகு நேரம் கழித்துக் கிண்ணத்தில் புது வெந்நீர் ஊற்றினாள். ஒரு குச்சியைப் போட்டாள். இளகியதும் கை படாமல் இடுக்கியால் எடுத்து அவன் முன்னால் நீட்டினாள்.

"பிடி."

"நான் எறிஞ்சதே இல்லையே அண்ணி."

"எனக்குத் தெரியும். நெனைச்சுப் பிடிக்காத, சும்மா பிடி."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிடித்தான். அவள் வாங்கி, ஜன்னல் பக்கம் கொண்டுபோய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும், நுனியில், உடைந்துவிடுமோ என்று பயந்து பிடித்தது போல. இத்தனை வருஷத்தில் அவள் பார்த்திராத பிடி.

"புதன்கிழமை வா" என்றாள். குழிகளை அளக்க வெர்னியரைக் கையில் எடுத்தாள்.